ஆம்ப்ளிஃபயர் பெட்டி: அலுமினியமா, இரும்பா?

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒலியைப் பெருக்கும் எல்.எம். 3886 ஐசி இரண்டை வைத்து ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கட்டியிருக்கிறேன். அப்பா பதிவு செய்து வைத்த வில்லுப்பாட்டு கேசட்டைப் போட்டால், வில்லில் கட்டிய மணியின் கிணுகிணுப்பு தனியாகக் கேட்கிறது. இனி பெட்டிதான் பாக்கி.

முதலில் பழைய டிவிடி பிளேயர் கூட்டில் அடக்கிப் பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளீட்டு வயருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் ஒரே 'ம்ம்ம்' இரைச்சல். நாலு விரற்கடை தள்ளி வைத்ததும் பாதி அடங்கியது.

அலுமினியம் அறுக்க, துளைக்க லேசு, சூட்டையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை அது மறைக்காது, இரும்புத் தகடுதான் ஓரளவு மறைக்கும். அதனால் அடித்தட்டும் நடுத் தடுப்பும் 1.2 மி.மீ. இரும்பு, முகப்பு 3 மி.மீ. அலுமினியம் என்று நினைத்திருக்கிறேன். சரிதானா?

பேட்டை, தச்சநல்லூர் பக்கம் ஒரே ஒரு பெட்டிக்குத் தகடு வெட்டி வளைத்துத் தரும் பட்டறை தெரியுமா? கேட்ட இரண்டு இடத்திலும் பத்துப் பெட்டியாவது வேண்டும் என்றார்கள். வால்யூம் துளையை மண்ணெண்ணெய் தொட்டு 7 மி.மீ. பிட்டில் போட்டும் ஓரம் பிசிறடிக்கிறது. படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் டிரில் பிட் வாங்கினால் சுத்தமாக வருமா?

அப்புறம் எர்த். அலுமினியத்தின் மேல் இருக்கும் அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், எர்த் வயர் பிடிக்கும் இடத்தைச் சுரண்டி, பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கப் போகிறேன். பெயிண்ட் அடித்த இரும்பிலும் நீங்கள் இப்படித்தானே செய்கிறீர்கள்? படம் இருந்தால் போடுங்கள் அண்ணாச்சி. ஊரில் கோயில் கொடைக்கு முன்னால் முடித்துவிட ஆசை.