தொலைப்பணிக்கு எதிர்ச்சொல்: ‘உடனிருப்புப் பணி’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

‘ரிமோட் வொர்க்’ என்பதற்குத் தமிழில் ‘வீட்டுப்பணி’, ‘தொலைப்பணி’ என்னும் இரு சொற்கள் பேசப்படுகின்றன. அவற்றில் ‘வீட்டுப்பணி’ சமையலையும் துப்புரவையும் நினைவூட்டுவதால் அதை விட்டுவிடலாம். ‘தொலைப்பணி’யில் தொலைந்துபோதல் என்னும் பொருள் ஒலிக்கிறது என்ற மறுப்பு நிற்காது, தொலைபேசியை எவரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

என் கவலை அதன் எதிர்ச்சொல்லைப் பற்றியது. ‘அலுவலகப் பணி’ இடத்தைச் சொல்கிறதே தவிர, உடன் இருக்கும் ஆளைச் சொல்லவில்லை. இராமநாதபுரத்துக் கிளை அலுவலகம் ஒன்றில் அமர்ந்து, சென்னையில் உள்ள குழுவோடு திரைவழியே மட்டும் பேசுகிறவர் செய்வதும் தொலைப்பணியே. 1973-இல் ஜாக் நில்லஸ் உருவாக்கிய ‘டெலிகம்யூட்டிங்’ என்னும் சொல்லும், அன்றாடப் பயணத்துக்கு மாற்றாகத் தொலைத்தொடர்பு வருவதையே குறித்ததால், உடன் பணியாற்றுபவரைத் தொடவில்லை.

இந்த வேறுபாடு புதியவருக்குத்தான் மிகுதியாக உறைக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒன்பது ஆண்டு அனுபவத்தோடு என் ஊரான மண்டபத்துக்குத் திரும்பிய எனக்கு, எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருந்ததால், வேலை முன்னைவிட நன்றாகவே நடந்தது. மறு ஆண்டு பாம்பனில் வீட்டிலிருந்தபடியே முதல் வேலையைத் தொடங்கிய என் சித்தப்பா மகனோ, மென்பொருள் இயங்கும் விதத்தைக் குறிக்கும் அமைப்புக் கோப்பின் ஒரு வரியில் கூடுதலாக விழுந்திருந்த ஒற்றை இடைவெளியைக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு நாள் தவித்தான். கேட்கத் தயங்கினான். பக்கத்து இருக்கையில் மூத்தவர் ஒருவர் இருந்திருந்தால், அவன் முகத்தைப் பார்த்தே எழுந்து வந்திருப்பார்.

எங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது, ஒரு கயிற்றைக் கரையில் விட்டுச் சென்ற படகு அரைவட்டமாகச் சுற்றி மறுகயிற்றைக் கொண்டுவந்த பின், இரு அணியினரும் இழுத்துக்கொண்டே நெருங்கிவர வேண்டும். எப்போது நெருங்குவது, மணலில் குதிகாலை எவ்வளவு ஊன்றுவது என்பதைப் புதிய ஆளுக்கு யாரும் விளக்குவதில்லை. முன்னால் நிற்பவரின் காலைப் பார்த்துத் தாமே பிடித்துக்கொள்கிறார்.

ஆகவே ‘உடனிருப்புப் பணி’ என்பதை முன்மொழிகிறேன். ‘உடனுறை’ இன்னும் செறிவான சொல்தான். எனினும் ‘பர்வதவர்த்தினி உடனுறை இராமநாதசுவாமி’ என்று படித்துப் பழகிய எங்களுக்கு அது இறைவனும் இறைவியும் சேர்ந்து வீற்றிருப்பதையே உணர்த்தும். வரையறையை இப்படி எழுதலாம்: “ஒரே பணியில் ஈடுபட்டவர்கள், இடையில் கருவி ஏதுமின்றி ஒருவரையொருவர் பார்க்கவும் கேட்கவும் கூடிய அண்மையில் இருந்து செய்யும் பணி.”

வாரத்தில் சில நாள் மட்டும் வந்துபோகும் முறைக்குக் ‘கலப்புப் பணி’ பொருந்தும். ஆனால் புதியவரும் மூத்தவரும் வெவ்வேறு நாள்களில் வந்துபோனால், அதைக் கலப்புப் பணி என்பதா, தொலைப்பணி என்பதா? இதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.