அயர்லாந்து ஏன் இத்தனை காலம் பின்தங்கிக் கிடந்தது?

கரிசல்காரன்:
இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? 1841-ல் அந்தத் தீவில் 82 லட்சம் பேர். 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. 1851 கணக்கெடுப்பில் 65 லட்சம்தான் மிச்சம். பஞ்சத்தின் நடுவிலும் தானியமும் மாடும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. நிலமோ பண்ணையார்கள் கையில். வயலைத் திருத்தினால் குத்தகை ஏறுமோ என்று பயப்படுகிறவன் எதற்குக் காசைப் போடுவான்? காலனி ஆட்சிதான் காரணம்.

மேகலா:
பஞ்சத்தை யார் மறுத்தார்கள் அண்ணா? ஆனால் பண்ணையாரிடமிருந்து நிலம் வாங்க உழவருக்கு அரசே கடன் தந்த 1903 சட்டத்துக்குப் பிறகு நிலம் மெல்ல மெல்ல உழவர் கைக்கே வந்துவிட்டது. 1922-ல் தனி அரசும் வந்தது. 1950-களில் சுமார் 4 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்களே, அது யார் ஆட்சியில்? 1932-ல் ஐரிஷ் அரசின் தலைவர் டி வலேரா, அந்த நிலக்கடன் தவணையை பிரிட்டனுக்குத் தர மறுத்தார். அவர்கள் ஐரிஷ் மாட்டுக்கு வரி போட்டார்கள். மாடு விலைபோகாமல், கன்றை அறுத்துத் தோலைக் கொண்டுவந்தால் அரசே பணம் கொடுத்தது. இதையும் லண்டன் கணக்கில் எழுதலாமா?

கரிசல்காரன்:
பிரிட்டனை விட்டால் வேறு சந்தையே இல்லை என்ற நிலையை உண்டாக்கியது யார்?

தொழுவம்:
குறுக்கே வருகிறேன். டென்மார்க்கும் அதே பிரிட்டனுக்குத்தான் வெண்ணெய் விற்றது, முன்னேறியது. டேனிஷ்காரர்கள் குளிர்காலத்திலும் தீவனம் போட்டுக் கறந்தார்கள். அயர்லாந்தில் புல் வளரும் மாதங்களில்தான் பால் பெருகும். தை மாதத்தில் வெண்ணெய் கேட்கும் லண்டன் மளிகைக்காரர் யாரிடம் போவார்?

கரிசல்காரன்:
அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே மழைக்குப் புல் சும்மா கிடைக்கிறது. புண்ணாக்கு வாங்கிப் போட்டுக் குளிர்காலத்தில் கறந்தால் கட்டுப்படியாக வேண்டாமா?

மேகலா:
சரி, புல்லை விடுங்கள். பள்ளிக்கூடம்? எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டனோடு இருந்துவிட்ட வட அயர்லாந்தில் 1947 சட்டத்திலேயே இடைநிலைக் கல்வி இலவசம். டப்ளின் அரசு அதைக் கொடுத்தது 1967-ல். 20 வருடம் அண்ணா! இறக்குமதிக்குச் சுவர் எழுப்பி, உள்ளூர் ஆலைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்த கொள்கையையும் 1958-ல் நிதித்துறைச் செயலர் விட்டேக்கரின் அறிக்கை வந்த பிறகுதான் தளர்த்தினார்கள்.

கரிசல்காரன்:
பள்ளி விஷயத்தில் நான் பேச முடியாது, அது அவர்கள் தப்புதான். ஆனால் நீங்கள் சொன்ன 4 லட்சம் பேரில் பெரும்பாலோர் போனது பிரிட்டனுக்குத்தானே? வேலை இல்லாதவன் கப்பலேறிவிட்டால் டப்ளின் மந்திரிக்கு என்ன அவசரம்?