ஆர்7-ஆ, ஆர்8-ஆ? ஏரியும் வேணும், சபாவும் வேணும்

நீர்க்காகம்:
எல்லாருக்கும் வணக்கம். கையில இருக்கிறது ஒரு பழைய கேனன் டிஎஸ்எல்ஆர், கூட 55-250, அப்புறம் 50 எம்எம் எஃப்/1.8 (எஃப் எண் கூடக் கூட உள்ள வர்ற வெளிச்சம் கம்மி). மிரர்லெஸுக்கு மாறலாம்னு முடிவு பண்ணியாச்சு. ஈஓஎஸ் ஆர்7 (க்ராப், அதாவது சின்ன சென்சார், 32.5 மெகாபிக்சல்), ஈஓஎஸ் ஆர்8 (ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார், 24.2 மெகாபிக்சல்) இந்த ரெண்டுல எதுங்கிறதுலதான் குழப்பம். வெளிவந்தப்போ அமெரிக்காவுல ரெண்டு பாடிக்கும் ஒரே விலை, 1,499 டாலர். விலை வித்தியாசம் பெருசா இருந்திருந்தா பர்ஸே முடிவு பண்ணியிருக்கும்.

சீசன்ல வேடந்தாங்கல், கரிக்கிலி போவேன். பறவைக்கு ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8 தான் கட்டுப்படியாகும், விலை கூடின வெள்ளை லென்ஸெல்லாம் கனவு. இன்னொண்ணு, பொண்ணு பரதம் ஆடுறா. சபா, கோயில் மண்டபம், பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாம் எடுக்கணும். சண்டை போடாம சொல்லுங்க.

முகூர்த்தக்கால்:
ஆர்8. இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல சார். ஆர்6 மார்க் 2-ல இருக்கிற அதே சென்சார், 461 கிராம் பாடியில கிடைக்குது. மண்டபத்துல மஞ்சள் பல்பு, மேல சீரியல் செட், பக்கத்துல வீடியோக்காரர் லைட்டுன்னு இருக்கிற இடத்துல ஐஎஸ்ஓவை (வெளிச்சம் கம்மியானா ஏத்துற எண்) 6400-ல வச்சு எடுத்து ஆல்பத்துக்கே அனுப்பலாம். க்ராப்ல அதே இடத்துல முகமெல்லாம் ரவை ரவையா வரும். ஃபுல் ஃப்ரேமுக்குப் போனவன் யாரும் திரும்பி வந்ததில்ல.

கண்மாய்க்கரை:
அண்ணே, நீங்க மணமேடைக்குப் பத்தடி தள்ளி நிக்கிறவுக. வேடந்தாங்கல்ல பறவை மரத்து மேல, மரம் ஏரிக்குள்ள, நாம கரை மேல. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கம்மா"ன்னு கூழைக்கடாகிட்ட சொல்ல முடியாது. 400 எம்எம் போட்டு ஆர்8-ல பாத்தா நத்தைக்குத்தி நாரை ஃப்ரேம் நடுவுல ஒரு புள்ளி. சுத்தி மிச்சம் இருக்கிறதெல்லாம் தண்ணியும் மரமும், வீட்டுக்கு வந்து வெட்டி எறியத்தான் போறோம். பெரிய தாம்பாளத்துல வச்சா லட்டு பெருசாயிடுமா?

எண்கணக்கு:
கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சின்ன மீன்கொத்தி சுமார் 16 செமீ நீளம். அது 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால், 400 மிமீ லென்ஸ் அதை சென்சார் மேல் 3.2 மிமீ நீளத்துக்கு வரையும். பின்னால் ஆர்7 இருந்தாலும் ஆர்8 இருந்தாலும் அதே 3.2 மிமீ தான். லென்ஸுக்கு சென்சார் எவ்வளவு பெரியது என்று தெரியாது.

ஆர்7-இல் ஒரு பிக்சலின் அகலம் 3.2 மைக்ரான், ஆர்8-இல் 6 மைக்ரான். ஆக, அலகு நுனியிலிருந்து வால் வரை ஆர்7-இல் 1,000 பிக்சல், ஆர்8-இல் 530 சொச்சம். ஆர்8 படத்தை ஆர்7-இன் பார்வைக்கு வெட்டினால் கையில் நிற்பது 9 மெகாபிக்சல் சொச்சம். நீர்க்காகம் வைத்திருக்கும் 55-250-ஐ அடாப்டரில் மாட்டினால் ஆர்8 தானாகவே அந்த 9-க்கு இறங்கிவிடும், ஏனென்றால் அது க்ராப்புக்கென்றே செய்த லென்ஸ்.

முகூர்த்தக்கால்:
பிக்சலை எண்ணி என்ன பண்றது? சின்ன பிக்சல்னா நாய்ஸ், அதான் அந்த ரவை, ஜாஸ்தி. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு எஃப்/8 லென்ஸை வச்சுக்கிட்டு ஐஎஸ்ஓ எங்க போகும்னு யோசிச்சீங்களா? அந்த 1,000 பிக்சலும் குப்பையாத்தான் இருக்கும்.

எண்கணக்கு:
இதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஃபுல் ஃப்ரேமின் நாய்ஸ் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் பரப்பு. 36 × 24 மிமீ என்பது ஆர்7-இன் 22.3 × 14.8 மிமீ-ஐப் போல 2.6 மடங்கு. அந்தப் பரப்பு முழுவதையும் உங்கள் படம் பயன்படுத்தினால் 2.6 மடங்கு ஒளி கிடைக்கும், அதாவது ஒன்றே கால் ஸ்டாப்புக்கும் கொஞ்சம் மேலே (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு).

மீன்கொத்திக்கு வாருங்கள். அதே லென்ஸ், அதே எஃப்/8, அதே ஷட்டர் வேகம். பறவை மேலிருந்து வந்து சென்சாரில் விழும் ஒளி இரண்டிலும் சமம். ஆர்7 அந்த ஒளியை அதிக பிக்சலுக்குப் பங்கு போடுகிறது, அவ்வளவுதான். இரண்டு படத்தையும் ஒரே அளவுக்கு அச்சடித்தால் பறவை மேல் தெரியும் நாய்ஸ் ஏறக்குறைய ஒன்றுதான். மீதிப் பரப்பில் விழுந்த ஒளியை நீங்கள்தான் வெட்டி எறிந்துவிட்டீர்களே. ஃபுல் ஃப்ரேமின் அனுகூலம், ஃப்ரேமை நிரப்புகிறவருக்கு மட்டும்.

பழைய நெகட்டிவ்:
டிஃப்ராக்ஷனை, அதான் சின்னத் துளை வழியா வர்ற ஒளி பரவி மங்குறதை, மறந்துட்டீங்க. எஃப்/8-ல ஒளிப்புள்ளியோட விட்டமே 10 மைக்ரான் தாண்டும். 3.2 மைக்ரான் பிக்சல் வச்சு என்னத்தை அளக்கப் போறீங்க?

எண்கணக்கு:
ஐயா சொல்வது சரி, ஆர்7-இன் 32.5 மெகாபிக்சலும் எஃப்/8-இல் முழுசாகப் பலன் தராது. 1,000 பிக்சல் என்பதற்காக இரு மடங்கு இறகு தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 10 மைக்ரான் மங்கல் லென்ஸ் தருவது, ஆர்8 மேலும் அதேதான் விழுகிறது. அதைப் பெரிய கட்டத்தால் அளந்தால் தெளிவு கூடாது. ஆதாயம் குறையும், நஷ்டமாக மாறாது.

தோள்வலிக்காரன்:
ரெண்டையும் விடுங்க. வேற கம்பெனி கேமரா, ஓஎம்-1 எடுங்க. 17.3 × 13 மிமீ சென்சார், ரெண்டு மடங்கு க்ராப், 100-400 போட்டா 800 மாதிரி. ஐபி53, மழையில நனையலாம். வேகமா படிக்கிற ஸ்டாக்டு சென்சார், ஃபோகஸ் பிடிச்சுக்கிட்டே நொடிக்கு 50 படம்.

கண்மாய்க்கரை:
எந்தத் திரியைத் தொறந்தாலும் ஒரு ஓஎம் ஆளு வந்துருதாக. நல்ல கேமராதான், நான் மறுக்கல. ஆனா அவரு கேட்டது ரெண்டுல ஒண்ணு. சபாவுக்கு இன்னும் சின்ன சென்சாரைக் கொண்டுபோகச் சொல்றீகளே, அது நாயமா?

முகூர்த்தக்கால்:
சரி, கணக்கு வாத்தியாருக்கு என் பங்குக்கு ஒரு கணக்கு. 600 எம்எம் எஃப்/11-னு கேனன் 2020-லயே ஒண்ணு விட்டாங்க. 930 கிராம். அறிமுக விலை 699 டாலர், 100-400-ஐ விட 50 டாலர்தான் கூட. 400-ஐ 8-ஆல வகுத்தா 50 மிமீ, 600-ஐ 11-ஆல வகுத்தா 54. பறவையிலருந்து ஒளி உள்ள நுழையுற வாசல் இதுல பெருசு. ஆர்8-ல 600 போட்டா உங்க மீன்கொத்திக்கு 800 பிக்சல் கிடைக்குது. இப்ப சொல்லுங்க, க்ராப் எதுக்கு?

எண்கணக்கு:
கணக்கு சரிதான். காகிதத்தில் அந்த ஜோடி ஆர்7 + 100-400-க்குச் சளைத்ததில்லை.

கண்மாய்க்கரை:
காகிதத்துல சரி. அந்த லென்ஸு ஜூம் ஆகாது, அபர்ச்சர் மாறாது, நாலரை மீட்டருக்குள்ள இருக்கிறது ஃபோகஸ் ஆகாது. கரிக்கிலியில கரையோர முள்ளுச்செடியில தட்டான் உக்காந்தா தலைவரு பின்னாடியே நடக்கணும். கூழைக்கடா தலைக்கு மேல தாழப் பறந்தா ஒரு ரெக்கை மட்டும்தான் ஃப்ரேம்ல இருக்கும். 100-400 இருந்தா சட்டுனு 100-க்குச் சுருக்கிக்கலாம், 635 கிராம்தான் கனம். ஒரே லென்ஸோட போற ஆளுக்கு ஜூம்தான் சோறு போடும்.

அது போக ஆர்8 பேட்டரி 1040 எம்ஏஎச், ஆர்7-ல 2130. காலையில அஞ்சு மணிக்கு வீட்டை விட்டுக் கெளம்புறவனைக் கேட்டுப் பாருங்க. கார்டு ஸ்லாட்டும் ஆர்8-ல ஒண்ணுதான், ஆர்7-ல ரெண்டு. ஏண்ணே, கல்யாணத்துக்கு ஒத்தை ஸ்லாட்டை நம்பிப் போவீகளா?

முகூர்த்தக்கால்:
மெயின் பாடியா போக மாட்டேன், அது வாஸ்தவம். அவர் கல்யாணமா எடுக்கப் போறாரு?

நீர்க்காகம்:
பறவை விஷயம் ஓரளவு புரிஞ்சுது. எண்கணக்கு சாருக்கு ரொம்ப நன்றி. ஆனா வீட்டம்மாவுக்குப் பறவை முக்கியமில்ல, பொண்ணோட படம்தான் முக்கியம். சபாவுல மூணாவது நாலாவது வரிசையிலதான் உக்கார விடுவாங்க, மேடைக்கு ஒரு எட்டு மீட்டர் இருக்கும். எழுந்து நடந்தா பின்னாடி உள்ளவங்க சத்தம் போடுவாங்க. அங்க எது?

முகூர்த்தக்கால்:
இதைத்தானே முதல்ல இருந்து கத்துறேன். எட்டு மீட்டர்ல 85 எம்எம் எஃப்/1.8-ஐ ஆர்8-ல போடுங்க. அரைமண்டியிலருந்து தலை சாமான் வரைக்கும் முழுசா வரும், கை ரெண்டும் விரிச்சாலும் வெட்டுப்படாது. ஆட்டத்தை நிறுத்த 1/500 வேணும். ஜதி முடியுற இடத்துல பாதம் தட்டும்போது 1/250-ல சலங்கை இழுத்துக்கிட்டு வரும். 1/500-ம் சபா வெளிச்சமும் சேர்ந்தா ஐஎஸ்ஓ 3200, 6400-க்குக் கீழ வராது. அங்கதான் பெரிய சென்சாரோட வேலை தெரியும். பட்டுப் புடவையில அரக்குக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியணும்ல.

எண்கணக்கு:
இந்த இடத்தில் முகூர்த்தக்கால் பக்கம்தான் நிற்பேன். 1.6 மீட்டர் உயரமுள்ள பெண் 8 மீட்டரில் நின்றால் 85 மிமீ லென்ஸ் 17 மிமீ உயரத்துக்கு வரையும். ஆர்8-இன் 24 மிமீ உயரத்தில் அழகாக அடங்கும், ஆர்7-இன் 14.8-இல் அடங்காது. ஆர்7-இல் அதே காட்சிக்கு அவரிடம் ஏற்கெனவே இருக்கும் 50 எஃப்/1.8 பொருந்தும். ஆனால் அப்போது ஃப்ரேம் இரண்டிலும் நிரம்பிவிட்டது, எஃப்/1.8-உம் சமம். இனி 2.6 மடங்கு ஒளி ஆர்8-க்கே. ஆர்8-இல் ஐஎஸ்ஓ 6400 எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிய ஆர்7-இல் 2500-ஐத் தாண்டக் கூடாது.

கண்மாய்க்கரை:
ஆர்7-ல பாடிக்குள்ளயே ஸ்டெபிலைசேஷன் இருக்கு, ஆர்8-ல கெடையாது. அதையும் சேத்துக்கணும்ல?

முகூர்த்தக்கால்:
நம்ம கை ஆடுறதைத்தான் அது நிறுத்தும் தம்பி. ஆடுற பொண்ணை நிறுத்தாது. 1/500-ல அதுக்கு வேலையே இல்ல. கோயில் மண்டபத்துல தூணு, சிலை எடுக்கும்போது உதவும், ஒத்துக்கிறேன்.

இன்னொண்ணு. சத்தமில்லாம எடுக்கணும்னு எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனா ஆர்7 காலை வாரும். மேலிருந்து கீழ வரைக்கும் படிக்கவே நேரம் எடுக்கிற சென்சார் அது. முத்திரை பிடிச்ச கை வேகமா போனா விரல் வளைஞ்சு வரும்.

எண்கணக்கு:
ஆர்7 ஒரு படத்தைப் படித்து முடிக்க 30 மில்லிவினாடி அளவில் எடுக்கும், ஆர்8-க்கு அதில் பாதி போதும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், 10 மில்லிவினாடிக்கு ஒரு தடவை. ஆகவே அப்படிப்பட்ட விளக்கின் கீழ் ஆர்7-இன் எலக்ட்ரானிக் ஷட்டரில் படத்துக்குக் குறுக்கே மூன்று பட்டை, ஆர்8-இல் ஒன்றரை. ஒன்றரை என்றால் மட்டும் அழகாக இருக்குமா என்ன? இரண்டிலுமே அங்கே அதைத் தொடக் கூடாது. ஆர்7-இல் மெக்கானிக்கல் ஷட்டர் உண்டு, நொடிக்கு 15. ஆர்8-இல் ஷட்டரின் முதல் திரை மட்டும் எலக்ட்ரானிக், இரண்டாவது மெக்கானிக்கல், நொடிக்கு 6. இரண்டிலும் விளக்கின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும் ஆன்டி ஃப்ளிக்கரை ஆன் செய்துகொள்ளுங்கள்.

பழைய நெகட்டிவ்:
லென்ஸ் செலவை யாரும் பேசல. ஆர்எஃப் மவுண்டுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்ய 2024-ல சிக்மாவும் டாம்ரானும் வந்தது ஏபிஎஸ்-சி, அதாவது க்ராப் அளவுக்குத்தான். சிக்மா 18-50 எஃப்/2.8, வந்தப்போ 599 டாலர். ஆர்8-ல எஃப்/2.8 ஜூம் வேணும்னா கேனனோட 28-70 எஃப்/2.8, அது வந்தப்போவே 1,099. வெள்ளை லென்ஸ் கனவுன்னு சொன்னவர் இதை யோசிக்கணும்.

முகூர்த்தக்கால்:
அந்த 18-50 ஃபுல் ஃப்ரேம் கணக்குல 29-80 எஃப்/4.5. அதையும் சொல்லுங்க பெரியவரே. விலை குறைஞ்சா வெளிச்சமும் குறையுது, இதுல என்ன லாபம்?

பழைய நெகட்டிவ்:
500 டாலர் லாபம்.

எண்கணக்கு:
நீர்க்காகம் சார், என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். சபாவில் ஆர்7-ஆல் உங்களுக்கு வரும் நஷ்டம் ஒன்றே கால் ஸ்டாப் சொச்சம். அதில் ஒரு பகுதியை நாய்ஸ் குறைக்கும் மென்பொருள் மீட்டுத் தரும், முழுவதையும் தராது. ஏரியில் ஆர்8-ஆல் வரும் நஷ்டத்தை எந்த மென்பொருளும் மீட்காது, பிடிக்காத பிக்சலை உண்டாக்க முடியாது. அதை ஈடுகட்ட இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டும், அதுவும் ஜூம் இல்லாத எஃப்/11. உங்களிடம் இருக்கும் 50-ஐயும் 55-250-ஐயும் வீணாக்காத பாடி ஆர்7 தான். இதுவே நீங்கள் நடனம் மட்டும் எடுப்பவர் என்றால் ஆர்8 + 85 என்று முதல் பதிலிலேயே எழுதியிருப்பேன்.

முகூர்த்தக்கால்:
நான் ஒத்துக்க மாட்டேன். பறவை அடுத்த சீசனும் வரும். பொண்ணு அரங்கேற்றம் ஒரு தடவைதான்.

நீர்க்காகம்:
அரங்கேற்றத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு சார், அன்னைக்கு உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் கூப்பிடுவேன். நான் முதல் வரிசையில உக்காந்து பாக்கணும்.

ஆர்7-னு முடிவு பண்றேன். கூட 100-400, ஒரு அடாப்டர். 50 எஃப்/1.8 இருக்கு. அடாப்டர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா, புதுசே வாங்கணுமா?

பழைய நெகட்டிவ்:
தாராளமா செகண்ட் ஹேண்ட் வாங்கலாம். உள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் குழாயும் மின் முனைகளும்தான். கடைக்கு உங்க 50-ஐக் கையோட எடுத்துட்டுப் போங்க. மாட்டி, ஆட்டி, அபர்ச்சர் எண் திரையில மாறுதான்னு பாத்துட்டுக் காசைக் குடுங்க.

முகூர்த்தக்கால்:
வாங்கினதும் மெனுவுல எலக்ட்ரானிக் ஷட்டர் எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்குங்க. சபாவுக்குள்ள நுழையுறப்போ அதுல இருந்தா உடனே மெக்கானிக்கலுக்கு மாத்துங்க. ரெண்டு பேர் திரும்பி முறைச்சாலும் பரவாயில்ல.