கல்யாணப் பத்திரிகையில் வேலையைப் போடணுமா?

கரூர்க்காரன்:
அக்கா பொண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை ப்ரூஃப் வந்திருக்கு. மாப்பிள்ளை பேருக்குக் கீழே 'சாஃப்ட்வேர் இன்ஜினியர், பெங்களூரு'. மாமா பேருக்குப் பக்கத்துல 'உதவிப் பொறியாளர் (ஓய்வு)'. வீட்டுல துணி தைச்சு, பொண்ணு காலேஜ் ஃபீஸ்ல பாதியைக் கட்டின அக்கா வெறும் 'திருமதி'. வர்றவங்க மொய் எழுதிட்டு சாப்பிட்டுப் போகப்போறாங்க, இதெல்லாம் எதுக்கு? மொத்தமா எடுத்துடலாம்னா வீட்டுல ஒருத்தரும் கேக்கலை.

செங்கைமணி:
எடுக்காதீங்க தம்பி. எங்க தாத்தா காலத்துப் பத்திரிகை ஒண்ணு வீட்டுல கிடக்கு, எல்லாப் பேருக்கும் வால் மாதிரி சாதி. பேருக்குப் பின்னாடி சாதியைப் போடாதீங்கன்னு 1929-ல எங்க செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டாங்க. அப்புறம் அந்த இடத்துல வந்து உக்காந்ததுதான் பி.ஏ.வும் தலைமை ஆசிரியரும். 1953-ல ராஜாஜி, பிள்ளைங்களுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்னு திட்டம் கொண்டு வந்தார். பெரிய எதிர்ப்பு. அடுத்த வருஷமே காமராசர் வந்து அதைத் தூக்கிட்டார். அப்படித் தப்பிச்சுப் படிச்சவன், பரம்பரையில யாரும் பார்க்காத வேலைக்குப் போய், அதை அச்சடிச்சா உங்களுக்குப் பந்தாவாத் தெரியுதா?

வடசென்னை_பையன்:
அண்ணா, பாதியிலேயே நிறுத்திட்டீங்க. எங்கப்பா சென்னைத் தெருவைக் கூட்டித்தான் என்னைப் படிக்க வெச்சார். என் கல்யாணத்துல அச்சகத்துல "அப்பா என்ன பண்றார்?"னு கேட்டப்போ, 'மாநகராட்சி'ன்னு மட்டும் போடச் சொன்னது அவரேதான். முழுசாப் போட்டா படிக்கிறவன் எந்த சாதின்னு கணக்குப் போட்டுடுவான். சாதி வேலையை மட்டும் பிரிக்கலை, வேலை செய்யறவங்களையே பிரிக்குதுன்னு 1936-லேயே அம்பேத்கர் எழுதிட்டார்.

கரூர்க்காரன்:
அதைத்தானே நானும் சொல்றேன்! போட முடிஞ்சவன் போடுறான், முடியாதவன் மறைக்கிறான். எல்லாருக்கும் எடுத்துடுங்க.

வடசென்னை_பையன்:
நீங்க எடுக்கறதால எங்கப்பாவுக்கு என்ன கிடைச்சுது? 2025 ஆகஸ்ட்ல சென்னை மாநகராட்சி ஆபீஸ் ரிப்பன் மாளிகை வாசல்ல தூய்மைப் பணியாளர்கள் ராப்பகலா உக்காந்தாங்களே, என்ன கேட்டாங்க? தனியார்கிட்ட எங்களைத் தள்ளாதே, வேலையை நிரந்தரமாக்கு. அது இருந்தா பேங்க்ல லோன் கேட்டுப் போனா உக்காரச் சொல்லுவான். பத்திரிகை பிரச்சினை அப்புறம்.

வேலூர்_அத்தை:
மூணு ஆம்பளைங்க பேசியாச்சு. அக்காவை யாராவது கேட்டீங்களா? வீட்டு வேலையும் உழைப்புன்னு சொல்லி, 2023 செப்டம்பர்ல அரசாங்கமே மாசம் 1000 ரூபாய் பொம்பளைங்க கணக்குல போட ஆரம்பிச்சுது. தைச்சு சம்பாதிச்சவங்க பேருக்குப் பக்கத்துல 'தையற்கலைஞர்'னு போட இவ்வளவு யோசனையா?

கரூர்க்காரன்:
கேட்டேங்க. "தையல்னு போட்டா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க, உன் வேலையைப் பாருடா"ன்னுட்டாங்க.

செங்கைமணி:
என் வீட்டுக்காரம்மா பேருக்குப் பக்கத்துல 'ஆசிரியை'ன்னு விட்டுப்போச்சு, அவங்களே ப்ரூஃப்ல எழுதிச் சேர்த்தாங்க. அக்கா கையில பேனாவைக் குடுத்துப் பாருங்க.

கரூர்க்காரன்:
குடுத்தேண்ணா. மாமா பேருல இனிஷியல் தப்பா இருந்துச்சாம், அதைத் திருத்திட்டுப் பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.