சவுண்டு வருது, திரை மட்டும் 3 விநாடி கருப்பாகுது: டிரைவரா, கேபிளா?

மாடிவீடு:
ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11. மானிட்டர் 27 இன்ச், 2560×1440, 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும்). சிபியு அறை மூலையில் இருப்பதால் 5 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். போன வாரம் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுசாகப் போட்டேன், அன்றிலிருந்து 10-15 நிமிஷத்துக்கு ஒருமுறை திரை கருப்பாகி 3 விநாடியில் தானாக வருகிறது. பாட்டு நிற்பதில்லை. பழைய டிரைவருக்குத் திரும்பிப் போய்விடலாமா?

தட்டச்சன்:
சேஃப் மோடுக்குப் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை) போய் டிடியு (டிரைவரை மிச்சமில்லாமல் நீக்கும் இலவச மென்பொருள்) வைத்து டிரைவரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி போடுங்க. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்க, இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் நடுவில் புகுந்து தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

வோல்ட்மீட்டர்:
தட்டச்சன் சொல்லும் முறை சரிதான், ஆனால் அது இரண்டாம் கட்டம். முதலில் டிரைவர்தான் விழுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம். திரை கருப்பான அதே நேரத்தில் 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 என்ற எண் பதிவாகியிருந்தால், டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது என்று அர்த்தம். கார்டு 2 விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸே அதை உலுக்கி எழுப்பும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கேம் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். உங்களுக்குக் கேம் மூடவில்லை, பதிவும் இல்லை என்றால் டிரைவரை விட்டுவிடுங்கள், கேபிள் பக்கம் வாருங்கள்.

இன்னொன்று: டிரைவர் போடும்போது 'கிளீன் இன்ஸ்டலேஷன்' (பழைய அமைப்புகளை அழித்துவிட்டுப் போடுவது) டிக் செய்தீர்களா? அதற்கு முன்பு மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடியது?

மாடிவீடு:
4101 ஒன்றுகூட இல்லை. கேமும் மூடவில்லை. கிளீன் இன்ஸ்டால்தான் செய்தேன். அதன்பிறகு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் பார்த்தபோது 60 என்று இருந்தது, 144க்கு மாற்றினேன். முன்பும் 60தான் ஓடியிருக்கும் போல, கவனித்ததே இல்லை.

வோல்ட்மீட்டர்:
அதுதான் விஷயம். டிரைவரையும் ஹெர்ட்ஸையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுப் பழியை டிரைவர் மேல் போட்டிருக்கிறீர்கள்.

கணக்கு இப்படி. 2560×1440 படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்பப் பிக்சல் கிளாக் (புள்ளிகளை அனுப்பும் வேகம்) 241.5 மெகாஹெர்ட்ஸ் போதும். எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4இன் எல்லை 340, ஆகவே பழைய கேபிளும் சிரமமில்லாமல் தாங்கும். 144க்கு ஏற்றினால் சுமார் 586. எச்டிஎம்ஐ 2.0இன் உச்சமே 600தான். கிட்டத்தட்ட விளிம்பில் ஓடுகிறது, அதுவும் 5 மீட்டர் செம்புக் கம்பியில். நீளம் கூடக்கூட உயர் அலைவரிசை சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். முதலில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், இன்னும் மோசமானால் மானிட்டர் சிக்னலைத் தவறவிட்டு மறுபடி பிடிக்கும். அந்த 3 விநாடி கருப்பு அதுதான்.

சோதிக்க ஒரு மாலை போதும். 60க்கு இறக்கி 2 மணி நேரம் ஓட்டுங்கள். ஒருமுறைகூடக் கருப்பாகவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். முடிந்தால் சிபியுவை நகர்த்தி 2 மீட்டருக்குள் டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போல இன்னொரு வகை மானிட்டர் இணைப்பு) கேபிள் போடுங்கள், டிஸ்ப்ளேபோர்ட் 1.2க்கே இந்த அளவு கையாளும் இடம் உண்டு. எச்டிஎம்ஐதான் வேண்டும் என்றால் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' லேபிள் ஒட்டி, ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடியதாக வாங்குங்கள். அட்டையில் '4கே' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள், 4கே 30 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ 1.4 கேபிளே போதும்.

தட்டச்சன்:
சேர்த்து ஒன்று. மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் சிலவற்றில் 20ஆம் பின்னையும் இரு முனையிலும் இணைத்துவிடுகிறார்கள். அது 3.3 வோல்ட் வரும் பின், சாதாரணக் கேபிளில் இணைக்கவே கூடாது. இணைத்திருந்தால் சிபியு அணைந்திருக்கும்போதும் மானிட்டரிலிருந்து கார்டுக்குள் மின்சாரம் ஏறும், ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும். அப்புறம் புது கேபிளைக் கார்டில் செருகுங்க. 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டு போர்ட்டில் செருகினால் படமே வராது.

மாடிவீடு:
60இல் 3 மணி நேரம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. இன்று 1.8 மீட்டர் டிஸ்ப்ளேபோர்ட் வாங்கி 144இல் ஓடுகிறது. ஆனால் ஃபேன் சுவிட்சை அணைக்கும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும் எப்போதாவது ஒரு கணம் கருப்பாகிறது. சிரிக்காதீங்க!

வோல்ட்மீட்டர்:
சிரிக்க ஒன்றுமில்லை, இது தெரிந்த கோளாறுதான். கேஸ் லிஃப்ட் நாற்காலியிலிருந்து எழும்போது நிலைமின்சாரம் பொறிந்து அலையாகக் கேபிளில் ஏறும். ஃபேன் சுவிட்சிலும் அப்படியே. ஆனால் எர்த் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் தெரியாது. கேபினட்டின் பெயின்ட் இல்லாத இடத்தைப் புறங்கையால் தொட்டால் லேசாகச் சுறுசுறு என்கிறதா?

மாடிவீடு:
ஆமாம், வெறுங்காலோடு நின்றால்.

வோல்ட்மீட்டர்:
அப்படியானால் எர்த் வரவில்லை. பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள் எர்த் இல்லாதபோது கேபினட்டை 230இல் பாதியளவு வோல்ட்டில் மிதக்கவிடும். கரன்ட் மிகக் குறைவு, ஆனாலும் நல்லதல்ல. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகாது, உள்ளே கம்பி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். சுவர் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 230ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். மானிட்டரையும் சிபியுவையும் ஒரே பாக்ஸில் செருகுங்கள்.

மாடிவீடு:
பாக்ஸைத் திறந்து பார்த்தார். பச்சைக் கம்பி ஸ்க்ரூவில் மாட்டாமல் சும்மா கிடந்தது. மாட்டிய பிறகு தொட்டால் சுறுசுறு என்பதும் இல்லை, 2 நாளாகக் கருப்பும் இல்லை. கடைசியாக ஒன்று: ஸ்லீப்பிலிருந்து எழுப்பும்போது சிலசமயம் 'நோ சிக்னல்' என்கிறது.

தட்டச்சன்:
விண்டோஸ் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (B) அழுத்துங்க, டிரைவர் மட்டும் ரீசெட் ஆகும், திறந்திருக்கும் வேலை போகாது. அடிக்கடி வந்தால் மானிட்டர் மெனுவில் 'டீப் ஸ்லீப்' இருந்தால் அணைத்துவிட்டு, இன்புட்டை 'ஆட்டோ'விலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் என்று நிலையாக வைங்க.