உப ஜனாதிபதி வேட்பாளரின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது?

வினா: கிளிநொச்சி ஆசிரியை

எங்கள் உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர்களுக்கு ஒரு விவாதம் வைத்திருக்கிறோம். 2008 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் ஜோன் மக்கெய்ன் தம்மோடு நிறுத்திய சாரா பேலின் உப ஜனாதிபதிப் பதவிக்குத் தகுதியானவரா என்பதே தலைப்பு. ஒத்திகையில் ஒரு தரப்பு, அவர் 35 வயதைக் கடந்தவர், பிறப்பால் அமெரிக்கப் பிரசை, ஆகவே தகுதியானவர் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டது. மறுதரப்பு, சில ஆயிரம் பேர் வாழும் வசில்லா என்ற ஊருக்கு மேயராக இருந்தவருக்கு வெள்ளை மாளிகை எதற்கு என்று கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டது. பிழை எங்கே இருக்கிறது?

மாங்குளம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு, பிழை தலைப்பில் உள்ள 'தகுதி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. சட்டம் கேட்கும் தகைமை வேறு, பொறுப்பைத் தாங்கும் ஆற்றல் வேறு. ஜனாதிபதியாக வர முடியாத ஒருவர் உப ஜனாதிபதியாகவும் வர முடியாது என்று 1804 இல் நிறைவேறிய பன்னிரண்டாவது திருத்தம் சொல்வதால், 35 வயது, பிறப்பாற் பெற்ற பிரசாவுரிமை, 14 ஆண்டு வதிவு ஆகிய மூன்றும் இருவருக்கும் பொதுவானவை. பேலின் விடயத்தில் இவை சர்ச்சைக்குரியவையாக இருக்கவில்லை.

அப்பதவியின் அன்றாட வேலை சிறியது: செனட் சபைக்குத் தலைமை தாங்குவதும், வாக்குகள் சமப்படும்போது தம் வாக்கை அளிப்பதும். ஆனால் இதுவரை ஒன்பது உப ஜனாதிபதிகள் இடைநடுவில் ஜனாதிபதியாகியிருக்கிறார்கள். எட்டுப் பேர் முன்னவரின் மரணத்தால், ஒருவர் 1974 இல் நிக்சன் பதவி விலகியதால். 1945 இல் ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இறந்தபோது ட்ரூமன் உப ஜனாதிபதியாகி 82 நாட்களே ஆகியிருந்தன. அணுகுண்டுத் திட்டத்தின் விபரம் அதுவரை அவருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. நான்கு மாதம் கழியுமுன் அந்தக் குண்டு அவருடைய பொறுப்பிலேயே போடப்பட்டது. பேலினை அறிவித்த நாளில்தான் மக்கெய்னுக்கு 72 வயது நிறைந்தது. அவர் தோற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரும்கூட. உங்கள் மறுதரப்பு வசில்லாவை விட்டுவிட்டு இங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

முத்தையன்கட்டு, கமக்கார அமைப்பொன்றின் செயலாளர்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் சிறிய ஊர் என்ற இளக்காரத்தை மாணவர்கள் அடியோடு கைவிட வேண்டும். பிரதேச சபைகளையே நம்பி வாழும் நாங்கள் அப்படிப் பேசுவது அழகல்ல. ஆண்டுகளை எண்ணுவதாலும் பயனில்லை. பேலின் அலாஸ்காவின் ஆளுநராகி இரண்டு ஆண்டு நிறையவில்லை என்பார்கள். 1900 இல் உப ஜனாதிபதி வேட்பாளராக நிறுத்தப்பட்ட தியடோர் ரூஸ்வெல்ட்டும் நியூயோர்க் ஆளுநராக ஒன்றரை ஆண்டுதான் இருந்திருந்தார். மறு ஆண்டு ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டு இறந்ததும் 42 வயதில் ஜனாதிபதியானார். 1968 இல் நிறுத்தப்பட்ட ஸ்பைரோ அக்னியூவும் மேரிலாந்து ஆளுநராக ஏறத்தாழ அதே ஒன்றரை ஆண்டைக் கண்டவர். அவரோ வரி ஏய்ப்பு வழக்கில் 1973 இல் உப ஜனாதிபதிப் பதவியைத் துறந்தார்.

எங்கள் அமைப்பில் தலைவர் குளத்தின் வலது கரைக்காரர் என்றால் உப தலைவர் இடது கரைக்காரராக இருக்க வேண்டும். அதற்கு மேல் நாங்கள் எதையும் கேட்பதில்லை. ஒரு சிறுபோகத்தில் தலைவர் நோயில் விழுந்தபோது, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் முறை என்பது உப தலைவருக்குத் தெரியாமல், கடைசி வயல்கள் நான்கு நாள் காய்ந்தன. அவர் மடையர் அல்லர். கரைக் கணக்குக்காக எடுத்தவரை எவரும் பக்கத்தில் இருத்திக் கணக்கைக் காட்டவில்லை. 1960 இல் கென்னடியும் தென்பகுதி வாக்குகளை எண்ணித்தான் டெக்சாஸ்காரரான ஜோன்சனைச் சேர்த்தார். ஆனால் ஜோன்சன் செனட் சபையில் பெரும்பான்மைக் கட்சியை ஏற்கெனவே வழிநடத்திக்கொண்டிருந்தவர்.

வவுனியா வாசகர்

ஒரு சிறு குறிப்பு. எங்கள் நாட்டில் உப ஜனாதிபதிப் பதவியே இல்லை. 1993 மே மாதம் பிரேமதாச கொல்லப்பட்டபோது பிரதமராக இருந்த விஜேதுங்கவும், 2022 யூலையில் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவும் பாராளுமன்றத்தால்தான் தெரிவானார்கள். அமெரிக்கரோ அடுத்து வரக்கூடியவரின் பெயரை முன்கூட்டியே வாக்குச்சீட்டில் பார்க்கிறார்கள். ஆகவே இப்படி விவாதிக்க அவர்களுக்கு வாய்ப்பிருக்கிறது.

மாங்குளம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

செயலாளர் தம்பி, கரைக் கணக்கு என்ற உவமையை மாணவர்களுக்கு அப்படியே கொடுக்கலாம். ஆதரவுத் தரப்புக்கும் பிடிமானம் உண்டு: பேலின் அலாஸ்காவின் எண்ணெய், எரிவாயு ஆணைக்குழுவின் தலைவராக இருந்தபோது, தம் கட்சிக்காரர் ஒருவரின் முறைகேட்டை எதிர்த்துப் பதவி விலகியவர். ஆயினும் அந்தச் செப்டெம்பரில் தொலைக்காட்சி நேர்காணலில், எந்தப் பத்திரிகைகளை வாசிக்கிறீர்கள் என்ற எளிய வினாவுக்கு ஒரு பெயரையும் சொல்ல அவரால் முடியவில்லை. என் தீர்ப்பில் அவர் அப்போது ஆயத்தமாக இருக்கவில்லை. சில கிழமைகளில் அவரை ஆயத்தப்படுத்திவிடலாம் என்று எண்ணியவரின் பிழை அதைவிடப் பெரிது.

கிளிநொச்சி ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. தலைப்பை மாற்றிவிட்டேன்: "தேர்தலில் வென்ற மறுநாளே பொறுப்பேற்க நேர்ந்திருந்தால், பேலின் அதற்கு ஆயத்தமாக இருந்திருப்பாரா?" இரண்டு நிமிடத்தில் முடித்த மாணவனைத்தான் மறுபடியும் ஆதரவுத் தரப்பில் போட்டிருக்கிறேன். எண்ணெய் ஆணைக்குழுவைப் பற்றி இப்போது அவன் தேடிக்கொண்டிருக்கிறான்.