பெர்ரி டாப்பிங்: அடுப்பில் வைக்க வேண்டுமா, சர்க்கரையில் ஊறினால் போதுமா?

கரண்டி:
பேன்கேக், ஐஸ்கிரீம், தயிர் எதன் மேலேயும் போட்டுக்கொள்ள பெர்ரி டாப்பிங் செய்வது எப்படி என்று கேட்டால், உடனே அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அரை கிலோ ஸ்ட்ராபெர்ரி, 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. பழத்தைக் கழுவி, ஈரம் துடைத்து, அதற்கு அப்புறம்தான் காம்பைக் கிள்ள வேண்டும். முதலிலேயே கிள்ளிவிட்டால் அந்தக் குழியில் தண்ணீர் புகுந்துவிடும். நான்காக நறுக்கி எல்லாவற்றையும் கலந்து அரை மணி நேரம் விடுங்கள். வேலை முடிந்தது. அடுப்பு எதற்கு?

தணல்:
எதற்கு என்றால், நீங்கள் சொல்கிற முறையில் வருவது தண்ணீர்ச் சாறு. கேக் மேல் ஊற்றினால் ஓடிப்போய்த் தட்டில் தேங்கும். அதே பழத்தை அதே சர்க்கரையோடு சின்னத் தீயில் 8 முதல் 10 நிமிடம் வைத்தால் சாறு வற்றிக் கெட்டியாகும், கரண்டியில் ஒட்டும். ஊற்றின இடத்தில் நிற்கும். டாப்பிங் என்றால் நிற்க வேண்டும் ஐயா.

கரண்டி:
நிற்கும், சரி. ஆனால் எது நிற்கிறது? ஜாமுக்குத் தம்பி முறையான ஒன்று. ஸ்ட்ராபெர்ரியின் வாசனை முழுக்க ஆவியாகிப் போகிற சமாசாரம். நீங்கள் கிளறும்போது சமையலறை மணக்கிறதே, அந்த மணம் பாத்திரத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்ட்ராபெர்ரியில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர்தான். நறுக்கின முகத்தில் சர்க்கரை பட்டதும், கசிகிற கொஞ்சம் சாற்றில் அது கரைகிறது. வெளியே சர்க்கரை அடர்த்தி அதிகம், உள்ளே குறைவு, அதனால் பழத்தின் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வருகிறது. பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்: பத்து நிமிடத்தில் சர்க்கரை மணிகள் காணாமல் போகும், நறுக்கின முகம் பளபளக்கும், அப்புறம் துண்டுகளின் கூர்மையான ஓரம் மழுங்கித் தளரும். அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடி மாதிரித் தெளிந்த சிவப்புச் சாறு. பழம் மெத்தென்று இருக்கும், ஆனாலும் கடித்தால் பழமாகவே இருக்கும்.

கெட்டி வேண்டுமா? ஊறின பழத்தில் கால் பங்கை எடுத்து முள்கரண்டியால் மசித்துத் திரும்பக் கலந்துவிடுங்கள். தட்டில் ஓடாது.

அடுக்களை:
இடையில் ஒரு சந்தேகம். கரண்டி சொன்ன மாதிரியே நான் புளூபெர்ரியில் செய்கிறேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் சர்க்கரை அப்படியே மணல் மாதிரிக் கிடக்கிறது. சாறே இல்லை. ஏன்?

கரண்டி:
முழுப் பழமாகப் போட்டிருப்பீர்கள். புளூபெர்ரித் தோலின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு, அந்தச் சாம்பல் படலம் அதுதான். தோல் கிழியாமல் சர்க்கரையால் ஒன்றும் செய்ய முடியாது. பாதியாக நறுக்குங்கள், இல்லை மூன்றில் ஒரு பங்கை நசுக்கிவிட்டு மற்றதோடு கலங்கள். ராஸ்பெர்ரிக்கு நேர் எதிர். அதை நறுக்கவே வேண்டாம், முரட்டுத்தனமாகக் கிளறினாலே கூழாகிவிடும். சர்க்கரை தூவிக் கிண்ணத்தை இரண்டு முறை குலுக்கினால் போதும்.

தணல்:
புளூபெர்ரியை ஒவ்வொன்றாக நறுக்கச் சொல்கிறீர்களா? அடுக்களை அக்கா, கேளுங்கள். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மிதமான தீயில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள், தோல் தானே பட் பட்டென்று வெடிக்கும். இன்னொன்றும் இருக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கிற புளூபெர்ரியின் சதை வெளிறியதுதான், நிறம் தோலில் இருக்கிறது. சூட்டில்தான் அந்த நிறம் முழுசாகச் சாற்றில் இறங்கும். நறுக்கி ஊறவைத்தால் அந்த அடர்ந்த ஊதா வராது.

கரண்டி:
புளூபெர்ரி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அப்போதும் எல்லாவற்றையும் வேகவைக்க மாட்டேன். பாதியை நீங்கள் சொன்னபடி வெடிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மீதியைப் பச்சையாக அதில் போடுவேன். ஸ்ட்ராபெர்ரிக்கும் ராஸ்பெர்ரிக்கும் அடுப்பு தேவையில்லை என்பதில் மாற்றமில்லை.

பொன்வண்டு:
உறைந்த பெர்ரி பற்றி யாரும் பேசவில்லையே. உறையும்போது உள்ளே பனிப் படிகங்கள் செல் சுவரைக் கிழித்துவிடும். அதனால் உருகும்போதே சாறு கொட்டும், ஊறவைக்க வேண்டிய வேலையே இல்லை. சர்க்கரை கலந்து ஃபிரிட்ஜில் உருகவிட்டால் போதாதா?

தணல்:
சாறு வரும், ஆனால் பச்சையாகச் சாப்பிடுவதைப் பற்றி யோசியுங்கள். உறைந்த பெர்ரி வழியாக நோரோவைரசும் ஹெபடைடிஸ் ஏ-யும் பரவியிருக்கின்றன. உறைநிலையில் வைரஸ் சாகாது. பின்லாந்து உணவு ஆணையம், வெளிநாட்டிலிருந்து வரும் உறைந்த பெர்ரியை 2 நிமிடம் கொதிக்கவிட்டோ, 90 டிகிரி செல்சியஸில் 5 நிமிடம் சூடாக்கியோதான் சாப்பிடச் சொல்கிறது. குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் சாப்பிடும் வீட்டில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கரண்டி:
இதை முழுசாக ஏற்கிறேன். உறைந்தது என்றால் கொதிக்கவிடுங்கள். அந்தப் பழத்தில் காப்பாற்ற வேண்டிய பதமும் மிச்சமில்லை. நான் பேசுவது புதுப் பழத்தை.

அடுக்களை:
சர்க்கரைக்குப் பதில் தேன் போடலாமா? பொடித்த ஐசிங் சர்க்கரை?

கரண்டி:
தேன் சாற்றை இழுக்கும், ஆனால் ராஸ்பெர்ரி மாதிரி மென்மையான வாசனையை அமுக்கிவிடும். கடையில் விற்கிற ஐசிங் சர்க்கரையில் பெரும்பாலும் சோளமாவு கலந்திருக்கும், சாறு கலங்கிப்போகும். சாதாரண வெள்ளைச் சர்க்கரையே நல்லது. பழத்தின் எடையில் 5 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். புளிப்பான பழமென்றால் 10 வரை போகலாம். எலுமிச்சையை விடாதீர்கள், சுவைக்கு மட்டுமில்லை, புளிப்பில் சாற்றின் சிவப்பு இன்னும் பளிச்சென்று ஆகும்.

அடுக்களை:
கடைசிக் கேள்வி. விருந்துக்கு முந்தின ராத்திரியே செய்து வைக்கலாமா?

தணல்:
என் முறையில் தாராளமாக. ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் அப்படியே இருக்கும்.

கரண்டி:
ஊறவைப்பதை ராத்திரியே செய்தால் கெட்டுப்போகாது, ஆனால் விடிந்து பார்த்தால் பழம் துவண்டு, சாறு பாதிக் கிண்ணத்துக்கு ஏறியிருக்கும். பழத்தைக் கழுவாமல் முழுசாக ஃபிரிட்ஜில் வையுங்கள். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் நறுக்கிச் சர்க்கரை போடுங்கள். சாப்பாடு முடிந்து இனிப்பு பரிமாறும் நேரத்துக்குச் சரியாக ஊறியிருக்கும்.

தணல்:
விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு அரை கிலோ பழத்தை யார் நறுக்குவது?

கரண்டி:
பத்து நிமிட வேலை. அந்த வாசனைக்காக நான் நறுக்குவேன்.